விக்டோரியா 3: புகைபோக்கி இருக்கிறது, தறியைக் காணோம்

வரலாற்று வியூக விளையாட்டுகளில் தொழிற்புரட்சி என்பது பெரும்பாலும் ஒரு பொத்தான்தான். சிவிலைசேஷன் வரிசையை ஆடியவர்களுக்குத் தெரியும். ஏதோ ஒரு சுற்றில் ஆராய்ச்சி முடிந்துவிட்டதாக அறிவிப்பு வரும். நகரத்தில் ஒரு தொழிற்சாலையைக் கட்டினால் உற்பத்தி கூடும், வரைபடத்தில் புகைபோக்கி முளைக்கும். அந்த இயந்திரத்தைச் செய்தவர் யார், அதை ஓட்டுகிறவர் நேற்றுவரை என்ன வேலை பார்த்தார், அவர் விட்டுவந்த வேலை என்ன ஆயிற்று என்பதையெல்லாம் விளையாட்டு கேட்பதில்லை. நாமும் கேட்பதில்லை, அடுத்து டாங்கி வாங்கவேண்டிய அவசரம்.

விக்டோரியா 3 அந்த ரகம் இல்லை. ஸ்டாக்ஹோமில் உள்ள பாரடாக்ஸ் நிறுவனம் 2022 அக்டோபரில் வெளியிட்ட கணினி விளையாட்டு இது. 1836 ஜனவரி 1இல் தொடங்கி 1936 வரை நூறாண்டு ஓடும். இதில் போர் பின்வரிசை, விலைவாசிதான் முன்வரிசை. வெளிவந்த புதிதில் குறைகள் மலிந்திருந்தன. அதன்பிறகு வந்த இலவசப் புதுப்பிப்புகள் அடித்தளத்தையே பலமுறை மாற்றிவிட்டன. நான் ஆடியது 2025 ஜூனில் ‘சார்ட்டர்ஸ் ஆஃப் காமர்ஸ்’ என்ற டிஎல்சி (தனியே விற்கும் கூடுதல் பகுதி) வந்த பிறகான பதிப்பை.

பெல்ஜியத்தைத் தேர்ந்தெடுத்தேன். காரணம் உண்டு. 1830இல்தான் தனி நாடானது. பரப்பளவு சின்னது. மக்கள் அப்போது சுமார் 40 லட்சம். ஆனால் ஐரோப்பியப் பெருநிலத்தில் தொழில்மயமாக்கல் முதலில் வேர்பிடித்த நாடுகளில் ஒன்று. தெற்கே வலோனியாவில் நிலக்கரியும் இரும்பும் கிடைக்கின்றன. 1835 மே மாதமே பிரசெல்ஸுக்கும் மெகலனுக்கும் இடையே ரயில் ஓடிவிட்டது. படிக்க நினைக்கும் பாடத்துக்கு இதைவிடப் பொருத்தமான சோதனைச்சாலை கிடையாது.

ஆட்டத்தின் இதயம் கட்டுமானத் துறை. எதைக் கட்டுவதானாலும் அந்தத் துறையின் திறன் வேண்டும். அந்தத் திறன் வெறும் பணத்தால் வராது, சரக்கு தின்னும். தொடக்கக் கட்டத்தில் மரமும் துணியும் போதும். ‘இரும்புச் சட்டம்’ என்ற முறைக்கு மாற்றினால் அதே துறை இரண்டு மடங்குக்கும் மேல் கட்டித்தரும். ஆனால் இரும்பும் கருவிகளும் கேட்கும். மாற்றிய சில வாரங்களிலேயே சந்தையில் கருவி விலை எகிறுகிறது. சரி, கருவிப் பட்டறை கட்டுவோம் என்றால் அதற்கும் இரும்பு வேண்டும். இரும்புச் சுரங்கத்துக்கோ கருவி வேண்டும். சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் நீராவிப் பம்பைப் பொருத்தினால் நிலக்கரியும் வேண்டும். நிலக்கரிச் சுரங்கத்துக்கும் கருவி வேண்டும்.

முதலில் எரிச்சல் வரும். ஒரு பற்றாக்குறையைத் தீர்த்தால் பக்கத்தில் இன்னொன்று எழும்பும். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைக்கிறது, இந்தச் சுற்றுதான் தொழிற்புரட்சி என்று. தாமஸ் நியூகாமன் 1712இல் செய்த நீராவி எந்திரம் துணி நெய்யவோ வண்டி இழுக்கவோ வந்ததல்ல. நிலக்கரிச் சுரங்கத்தில் ஊறும் நீரை இறைக்க வந்தது. நிலக்கரியைத் தின்று நிலக்கரியைத் தோண்ட உதவியது. இயந்திரம் இயந்திரத்தைப் பெற்றுப்போடும் இந்தக் கணக்கைப் பாடப்புத்தகம் இரண்டு வரியில் தாண்டிவிடும். விக்டோரியா 3 அதை விலைப்பட்டியலாக விரித்துவைக்கிறது. ஒவ்வொரு சரக்குக்கும் ஓர் அடிப்படை விலை உண்டு: மரம் 20, நிலக்கரி 30, இரும்பு 40, கருவி 40. தேவை கூடினால் அதிகபட்சம் 75 விழுக்காடு ஏறும், அளிப்பு கூடினால் அதே அளவு இறங்கும். விலை சிவந்தால் எங்கே கட்டவேண்டும் என்று தெரிகிறது. பச்சை பூத்தால் எந்த முதலாளி நஷ்டப்படுகிறார் என்றும் தெரிகிறது.

பழைய விக்டோரியா 2 (2010) இதே ஆசையோடுதான் வந்தது. அதில் ‘இயந்திர உதிரிகள்’ என்ற ஒரு சரக்குக்காக உலகமே வரிசையில் நிற்கும். முதலாளிகளோ யாரும் கேட்காத ஆலைகளைக் கட்டிவிட்டுத் திவாலாவார்கள். ஏன் என்று விளையாட்டு சொல்லாது, ரசிகர்கள் ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். மூன்றாம் பாகத்தில் அந்தக் கறுப்புப்பெட்டி திறந்துவிட்டது. எந்த எண்ணின்மீது சுட்டியை வைத்தாலும் அது எங்கிருந்து வந்தது என்ற விளக்கம் பெட்டிக்குள் பெட்டியாக விரிகிறது. இதற்காகவே ஒரு பாராட்டு.

ஆள்கணக்கு அடுத்த ஆச்சரியம். ஒரு கட்டடத்தின் ஒரு படிநிலை சுமார் 5,000 பேருக்கு வேலை தரும். அவர்கள் வானத்திலிருந்து வருவதில்லை. தம் வயிற்றுக்கு மட்டும் விளைவித்துக்கொண்டிருக்கும் குடியானவர்கள் ஏர்க்காலை விட்டு ஆலைக்கு வருகிறார்கள். எல்லாரும் எல்லா வேலைக்கும் வந்துவிட முடியாது. கூலித் தொழிலாளியாகலாம், ஆனால் பொறியாளராகத் தகுதி வேண்டும், தகுதிக்கு எழுத்தறிவு வேண்டும். பள்ளிக்கூடத்துக்குச் செலவழிக்காத நாட்டில் ஆலையைக் கட்டிவிட்டு ஆள் கிடைக்காமல் விழிக்கலாம். எனக்கு வலோனியாவில் அது நடந்தது. கட்டடம் நிற்கிறது, கொதிகலன் நிற்கிறது, அதை இயக்கத் தெரிந்தவர் போதவில்லை.

இந்த விளையாட்டு வரலாற்றாசிரியர்களின் விவாதத்துக்குள் நிஜமாகவே கால்வைக்கும் இடம் இதற்கடுத்து வருகிறது. ஆலைகளில் ஆட்குறைப்புக்கென்று தனி முறைகள் உள்ளன. நீர்க்குழாய்க் கொதிகலனைப் பொருத்தினால் நிலக்கரிச் செலவு கூடும், கூலியாட்கள் குறைவார்கள். புதிதாக ஆடுபவர் தொழில்நுட்பம் கிடைத்த மறுநொடியே அதைப் போட்டுவிடுவார். ஆலையின் லாபம் குறையும்! கிராமங்களில் வேலைக்கு அலைமோதும் குடியானவர்கள் இருக்கும்வரை கூலி மலிவு. மலிவான ஆளை நீக்கிவிட்டு விலைகொடுத்து நிலக்கரி வாங்குவானேன்? குடியானவர்கள் தீர்ந்து, கூலி ஏறி, நிலக்கரி மலியும்போதுதான் அந்தக் கொதிகலனுக்குப் பொருள் வருகிறது. தொழிற்புரட்சி ஏன் பிரிட்டனில் முதலில் நடந்தது என்ற கேள்விக்குப் பொருளாதார வரலாற்றாசிரியர் ராபர்ட் ஆலன் 2009இல் வந்த தம் நூலில் சொன்ன விடை ஏறத்தாழ இதுதான்: அங்கே கூலி அதிகம், எரிபொருள் மலிவு. அதனால் ஆளுக்குப் பதில் இயந்திரம் வைப்பது கட்டுப்படியாயிற்று. ஆலனை மறுக்கும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. ஆனால் ஒரு வாதத்தை விளையாட்டின் விதியாகவே மாற்றி, ஆடுபவரின் கையில் சூடுபட வைத்து உணர்த்துவது சின்ன வேலை இல்லை.

அரசியலும் இதே வாய்க்காலில்தான் ஓடுகிறது. நிலக்கிழார்கள், தொழிலதிபர்கள், தொழிற்சங்கங்கள், மதகுருக்கள், படையினர் என்று அணிகள். யார் கையில் பணம் சேர்கிறதோ அந்த அணி கனக்கும். ஆலைகள் பெருகப் பெருக நிலக்கிழார்களின் பிடி தளர்ந்து, அதுவரை அசையாத சட்டங்கள் அசையத் தொடங்குகின்றன. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தடைபோட்டால் குடும்பங்களின் வருமானம் குறையும், தொழிலதிபர்கள் முறைப்பார்கள். கட்டாயத் தொடக்கப்பள்ளி வரை போனால் பிற்காலத்தில் படித்த ஆள் கிடைப்பார். பிரிட்டன் 1833லேயே துணி ஆலைகளில் ஒன்பது வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைக்கத் தடைபோட்டது. பெல்ஜியத்தில் பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களை ஆலைவேலையிலிருந்து விலக்கும் சட்டம் 1889இல்தான் வந்தது, அதுவும் 1886இல் வலோனியாத் தொழிலாளர்கள் கலகம் செய்து ரத்தம் சிந்திய பிறகு. நான் ஆடிய பெல்ஜியத்தில் அது இருபதாண்டு முன்பே வந்துவிட்டது. பெருமைப்பட ஒன்றுமில்லை. விளைவு முன்கூட்டியே தெரிந்தவனுக்குச் சீர்திருத்தம் சுலபம்.

இனிக் குறைக்கு வருகிறேன். அது சின்னக் குறை இல்லை.

தொழிற்புரட்சி என்றதும் நினைவுக்கு வரும் முதல் தொழில் பருத்தி. நூற்பு இயந்திரம், பிறகு விசைத்தறி, லங்காஷயர், மான்செஸ்டர். விக்டோரியா 3இல் அந்தத் தொழில் எங்கே என்று தேடிப் பாருங்கள். பருத்தித் தோட்டம் என்ற கட்டடம் நேரடியாக ‘ஃபேப்ரிக்’ என்ற சரக்கைத் தருகிறது. ஆடுமாடு வளர்க்கும் பண்ணையும் அதையே தருகிறது. துணி ஆலை அந்த ஃபேப்ரிக்கை வாங்கி உடுப்பாக்கி விற்கிறது. ஃபேப்ரிக் விலை 20, உடுப்பு விலை 30. ஆலையில் வரும் தொழில்நுட்ப மாற்றங்களோ கைத்தையல், சாயப்பட்டறை, தையல் இயந்திரம், மின்தையல் இயந்திரம். அதாவது பஞ்சு, நூல், துணி மூன்றும் ஒரே சரக்கு. நூற்பும் நெசவும் தோட்டத்துக்கும் ஆலைக்கும் நடுவே மாயமாகிவிட்டன. கோவையின் நூற்பாலையையும் திருப்பூரின் பனியன் கம்பெனியையும் பார்த்த எவருக்கும் இது உறுத்தும். தையலை வைத்துக்கொண்டு நூற்பைத் தூக்கியெறிந்த தொழிற்புரட்சி!

சரக்குகளின் எண்ணிக்கையை அடக்கிவைக்கச் செய்த சுருக்கம் இது, எனக்குப் புரிகிறது. ஆனால் சுருக்கத்தில் விழுந்தது வெறும் சரக்கு இல்லை, மனிதர்கள். ஆலைக்கு முன்பு வேலை செய்தவர்கள் இந்த விளையாட்டில் ஏறக்குறைய எல்லாருமே ‘குடியானவர்கள்’தான். அவர்களின் தன்னிறைவுப் பண்ணை கொஞ்சம் தானியத்தோடு கொஞ்சம் துணி, உடுப்பு, மரச்சாமான்களையும் தருவதாகக் கணக்கில் வரும். நெசவாளரும் தச்சரும் அந்தக் ‘கொஞ்ச’த்துக்குள் ஒளிந்திருக்கிறார்கள். விக்டோரியா 2இல் கைவினைஞர் என்று ஒரு தனி வகுப்பே இருந்தது. ஆலைச் சரக்கு மலிந்தால் அவர்கள் நொடித்துப்போவதைக் கண்ணால் பார்க்கலாம். மூன்றாம் பாகம் அவர்களை நீக்கிவிட்டது.

நான் ஆடிய பெல்ஜியத்தையே பாருங்கள். வடக்கே ஃபிளாண்டர்ஸில் வீட்டுக்கு வீடு ஆளிநார் நூற்று லினன் நெய்தார்கள். விவசாயக் குடும்பங்களின் அரைவயிற்றுக்கு அதுதான் காவல். 1840களில் பிரிட்டனின் இயந்திர நூல் அந்தக் கைத்தொழிலை அடித்து வீழ்த்தியது. 1845இல் உருளைக்கிழங்கு நோயும் சேர்ந்துகொள்ள, பட்டினியும் டைபஸ் காய்ச்சலும் ஃபிளாண்டர்ஸைச் சூறையாடின. ஒரே நாட்டின் தெற்கில் உலைகள் எரிந்த அதே ஆண்டுகள் அவை. என் திரையில் அந்த ஆண்டுகளில் ஃபிளாண்டர்ஸ் அமைதியாக இருந்தது. குடியானவர்கள் ஆலை திறக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தார்கள், திறந்ததும் உள்ளே போய்ச் சம்பளம் வாங்கினார்கள், வாழ்க்கைத்தரக் குறியீடு ஏறியது. பிரிட்டனில் 1820களில் சுமார் 2,40,000 பேர் கைத்தறியை நம்பி வாழ்ந்தார்கள். அடுத்த முப்பது ஆண்டுகளில் அந்தக் கூட்டம் கரைந்தே போயிற்று. விளையாட்டில் பிரிட்டனை எடுத்து ஆடினாலும் அவர்களைச் சந்திக்க மாட்டீர்கள்.

இந்தியாவில் இந்த ஓட்டை இன்னும் பெரிதாகத் தெரிகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியை எடுத்துக்கொண்டு ஆடலாம். மதராஸ் தனி மாகாணமாகவே வரைபடத்தில் இருக்கிறது. இந்தியாவை மையமாக வைத்து 2024 நவம்பரில் ‘பிவட் ஆஃப் எம்பயர்’ என்ற டிஎல்சியும் வந்தது. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் இங்கே நடந்ததைச் சொல்ல நூலும் துணியும் வெவ்வேறு சரக்காக இருந்தே தீரவேண்டும். இங்கிலாந்து ஆலை நூல் வந்து இறங்கியபோது முதலில் ஒழிந்தது வீடுகளில் பெண்கள் கையால் நூற்ற தொழில். நெசவாளர்களில் பலர் அந்த மலிவு நூலையே வாங்கித் தறியில் ஏற்றிப் பிழைத்தார்கள். பிறகு ஆலைத்துணியும் வந்து அவர்களையும் நெருக்கியது. 1854இல் பம்பாயிலும் 1888இல் கோயம்புத்தூரிலும் ஆலைகள் வந்தபின் கதை மறுபடி திரும்பியது. ராட்டை அழிந்து தறி தத்தளித்த இந்த இரட்டைக் கணக்கு ‘ஃபேப்ரிக்’ என்ற ஒற்றைச் சரக்குக்குள் அடங்காது. இந்த விளையாட்டுக்குத் தொழில்மயமாதல் தெரியும். இருந்த தொழிலை இழப்பது என்றால் என்னவென்று தெரியாது.

தொழில்நுட்பப் பரவலும் அளவுக்கு மீறிச் சுமுகம். எழுத்தறிவு இருந்தால் பக்கத்து நாட்டுக் கண்டுபிடிப்பு தானாகவே கசிந்து வந்துவிடும். நிஜத்தில் பிரிட்டன் நூற்பு இயந்திரங்களை வெளிநாட்டுக்கு அனுப்ப 1843 வரை தடை வைத்திருந்தது. ஃபிளாண்டர்ஸின் கெண்ட் நகரத்து லீவன் பௌவன்ஸ் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்திலிருந்து ஒரு நூற்பு இயந்திரத்தைக் கடத்திக்கொண்டு வந்துதான் அங்கே பருத்தித் தொழிலைத் தொடங்கினார். இதைவிட நல்ல கதை விளையாட்டுக்காரர்களுக்கு எங்கே கிடைக்கும்?

முதல் பதிப்பில் ‘எல்லாவற்றையும் அரசே கட்டுகிறதே’ என்ற புகார் இருந்தது. அது இப்போது பெருமளவு தீர்ந்துவிட்டது. 1.2 பதிப்பிலிருந்து தனியார் தாமாகவே முதலீடு செய்கிறார்கள். 1.5இல் நிறுவனங்கள் வந்தன. செராங்கில் இரும்பாலை நடத்திய ஜான் காக்கரில் நிறுவனத்தையே பெல்ஜியத்தில் அமைக்கலாம். 1.7க்குப் பிறகு ஒரு சுரங்கத்தின் உரிமையாளர் வேறு நாட்டில் இருக்கலாம், லாபம் அங்கே போகும். ஏகாதிபத்தியப் பொருளாதாரத்துக்கு இது அவசியமான மாற்றம். இருந்தாலும் பாதித் தூரம்தான் வந்திருக்கிறார்கள். இந்திய ரயில்வேயில் பணம்போட்ட பிரிட்டிஷ் முதலீட்டாளர்களுக்கு ரயில் ஓடினாலும் ஓடாவிட்டாலும் 5 விழுக்காடு வருமானம் உறுதி என்று ஒப்பந்தம் இருந்தது. குறைந்தால் இந்திய வரிப்பணம் ஈடுகட்டும். 1856இல் ராயபுரத்திலிருந்து கிளம்பிய ரயிலின் பின்னால் அந்தக் கணக்கும் ஓடியது. விளையாட்டில் ரயில் வந்தால் சந்தை இணைப்பு கூடும், சரக்கு நகரும். நல்லதுதான், ஆனால் யார் செலவில் என்பது முக்கியமாயிற்றே.

ஒப்பிட்டுப் பார்க்க ஆனோ 1800 (2019) பக்கத்தில் இருக்கிறது. பார்க்க அதுதான் அழகு. உலைப்புகையும் துறைமுகமும் கண்ணைப் பறிக்கும். அதில் ‘ஆர்ட்டிசன்’ என்று ஒரு வகுப்பு இருந்தாலும் அது தொழிலாளிக்கு மேலே உள்ள ஏணிப்படி, ஆலையால் நசுங்கும் ஆள் இல்லை. புதிய உலகத் தோட்டங்களில் பருத்தியும் கரும்பும் விளையும், அடிமைகள் மட்டும் இருக்க மாட்டார்கள். விக்டோரியா 3 அந்த மழுப்பலைச் செய்யவில்லை. அடிமைமுறை இதில் சட்டமாகவும் மக்கள் வகுப்பாகவும் இருக்கிறது. அமெரிக்கத் தென்மாநிலப் பருத்தி யார் உழைப்பில் மான்செஸ்டருக்குப் போனது என்பது கணக்கிலேயே வருகிறது. அந்தத் துணிச்சலைக் கைவினைஞர் விஷயத்திலும் காட்டியிருக்கலாம் என்பதே என் ஆதங்கம்.

இனி வாங்குவோருக்கான சங்கதிகள். போர்முறை சுமார். படையை நீங்கள் நகர்த்த முடியாது, தளபதியை முனைக்கு அனுப்பிவிட்டு வேடிக்கை பார்க்கவேண்டியதுதான். போர் ஆசை இருந்தால் வேறு விளையாட்டுக்குப் போங்கள். ராம் குறைந்தபட்சம் 8 ஜிபி என்று நிறுவனம் சொல்கிறது. 16 இல்லாமல் தொடங்காதீர்கள். மக்கள்தொகைக் குழுக்கள் பெருகுவதால் 1900ஐத் தாண்டியதும் எந்த லேப்டாப்பும் மூச்சுவாங்கும், வாரங்கள் நகர்வதே தெரியாது. கிராஃபிக்ஸ் அட்டையைவிடப் பிராசசரில் செலவழிப்பது மேல். தமிழ் இடைமுகம் கிடையாது. திரை முழுக்க ஆங்கில எழுத்துதான், அதுவும் பொடி எழுத்து, அமைப்புகளில் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். டிஎல்சிகள் வரிசையாக வந்து பர்ஸைக் குறிவைக்கும். நான் மேலே பாராட்டிய அடிப்படை மாற்றங்களில் பெரும்பகுதி இலவசப் புதுப்பிப்பிலேயே இருப்பதால், முதலில் மூல விளையாட்டு மட்டும் போதும். அந்நிய முதலீட்டு விளையாட்டு பிடித்துப்போனால் ‘ஸ்ஃபியர் ஆஃப் இன்ஃப்ளூயன்ஸ்’ ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். மற்றவை பொறுக்கலாம்.

பொருளாதார வரலாற்றில் ஆர்வமுள்ள கல்லூரி மாணவருக்கும் ஆசிரியருக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். நிலக்கரி, இரும்பு, கூலி, எழுத்தறிவு ஆகியவை ஒன்றையொன்று எப்படி இழுக்கின்றன என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இன்னொரு விளையாட்டு என் கண்ணில் படவில்லை. துணித்தொழிலின் கதையை மட்டும் இதிலிருந்து கற்றுக்கொள்ளாதீர்கள். ஸ்டீமில் அடிக்கடி தள்ளுபடி வரும், அப்போது வாங்குங்கள். பிரிட்டனை எடுக்காதீர்கள், அங்கே எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. பெல்ஜியத்தில் தொடங்குங்கள், கருவிப் பட்டறையை முதலில் கட்டுங்கள்.